கேரட்டுக்குக் கொடுத்தோம், வேலைக்கும் கொடுத்தோம்

(சோலூரில் நடந்த கூட்டமைப்புக் கூட்டத்தில், வேலைக்குப் போகும் பெண்ணுக்குக் கடன் கொடுத்த குழு ஒன்றின் சார்பில் பேசியதன் எழுத்து வடிவம். பேசிய நடையிலேயே தந்திருக்கிறோம்.)



"உங்க குழு ஏதோ வித்தியாசமா ஒரு கடன் கொடுத்தீங்களாமே, அதைப் பத்திச் சொல்லுங்க" என்று கூட்டமைப்பில் கேட்டார்கள். மேடையில் பேசி எங்களுக்குப் பழக்கமில்லை. பதினான்கு பேரும் உட்கார்ந்து, யார் யாருக்கு என்ன ஞாபகம் இருக்கிறதோ அதையெல்லாம் எழுதி எடுத்து வந்திருக்கிறோம். தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நம் குழுக்களில் எதற்கெல்லாம் கடன் கொடுக்கிறோம்? கேரட் விதைக்கு, உரத்துக்கு, கறவை மாட்டுக்கு, ஆஸ்பத்திரிச் செலவுக்கு, கல்யாணத்துக்கு, பிள்ளைகளின் பள்ளிக்கூடச் செலவுக்கு. நாங்களும் அப்படித்தான். போன வருஷம் ஒரு நாள் எங்கள் உறுப்பினர் ஒருவர் எழுந்து, "என் பொண்ணு வேலைக்குப் போகணும், 30,000 ரூபாய் கடன் வேணும்" என்றார். சம்பளம் வாங்கப் போகிற பெண்ணுக்கு எதற்குக் கடன் என்று எங்களுக்கு முதலில் புரியவில்லை.

யார் அந்தப் பெண்?

அந்த உறுப்பினர் பச்சைத்தேயிலை பறிக்கப் போகிறவர். வீட்டுக்காரர் லாரியில் காய்கறி மூட்டை ஏற்றுகிறார். பெண் ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவள். 2021-ல் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பொறியியல் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு வந்ததே, அந்த முதல் வருஷத்திலேயே இடம் கிடைத்தது. கல்லூரிக் கட்டணம், விடுதிக் கட்டணம் அரசாங்கமே கட்டியது. 2022 செப்டம்பரில் புதுமைப்பெண் திட்டம் தொடங்கியதும் மாதம் 1,000 ரூபாய் அவள் பேங்க் கணக்கில் வந்தது. இல்லாவிட்டால் நம்மால் அந்தப் படிப்பை நினைத்துப் பார்த்திருக்க முடியாது.

அவள் எடுத்தது சிவில். அதாவது கட்டடம் கட்டுகிற படிப்பு. அப்போதே ஊரில் கேட்டார்கள், "பொம்பளப் புள்ள வெயில்ல நின்னு கட்டடம் கட்டுமா?" என்று. நாங்களும் கேட்டவர்கள்தான். ஆனால் யோசித்துப் பாருங்கள். கட்டட வேலை நம் பெண்களுக்குப் புதிதா? ஊட்டியிலும் குன்னூரிலும் கட்டின கட்டடங்களுக்கு செங்கல் சுமந்தது யார்? மணல் சலித்தது யார்? கலவைச் சட்டி தூக்கியது யார்? சித்தாள் என்றால் பெண்தான். முப்பது வருஷம் வேலை செய்தாலும் சித்தாள் சித்தாள்தான். கூட வந்த ஆண் மூன்று வருஷத்தில் கரண்டி பிடித்துக் கொத்தனார் ஆகிவிடுவார். கூலியும் அவருக்கு அதிகம்.

நம் மலையிலும் பாருங்கள். சோலூர் கோக்காலில் இருக்கிற கோத்தர்கள் தச்சு வேலையிலும் இரும்பு வேலையிலும் பேர்போனவர்கள். அவர்களில் மண்பாண்டம் செய்கிற கை பெண்களுடையது. தோடர்கள் மூங்கிலையும் பிரம்பையும் வளைத்துக் கட்டிப் புல் வேய்கிற வீட்டைப் பார்க்க எங்கிருந்தெல்லாமோ வருகிறார்கள். கட்டுகிற அறிவு இந்த மண்ணில் எப்போதும் இருக்கிறது. அளவு பார்க்கிற இடத்திலும் கணக்கு எழுதுகிற இடத்திலும் நம் பெண்கள் நிற்கவில்லை, அதுதான் குறை.

வேலை எப்படிக் கிடைத்தது?

உடனே கிடைக்கவில்லை. கல்லூரிக்கு வந்த கம்பெனிகள் நிறைய கம்ப்யூட்டர் கம்பெனிகள்தான். கூடப் படித்த சிவில் பிள்ளைகள் பாதிப் பேர் அதற்கே போய்விட்டார்கள். இவள் கட்டட வேலைக்குத்தான் போவேன் என்று நின்றாள்.

முதலில் ஒரு இடத்திலிருந்து கடிதம் வந்தது. எங்களுக்கெல்லாம் சந்தோஷம். கடிதத்தைப் படித்துப் பார்த்தால், சேரும்போது அசல் மார்க் ஷீட்டையும் டிகிரி சர்டிபிகேட்டையும் அங்கேயே வைத்துவிட வேண்டும், இரண்டு வருஷம் நின்றால்தான் திருப்பித் தருவோம், அதற்கு மேல் 'பயிற்சிக் கட்டணம்' 15,000 ரூபாய் கட்ட வேண்டும் என்று இருந்தது. எங்கள் கணக்காளர் தங்கச்சிதான் பிடித்துக்கொண்டார். "வேலை குடுக்கறவங்க காசு குடுக்கணும். காசு வாங்கறவங்க எப்படி வேலை குடுப்பாங்க?" என்று கேட்டார். கல்லூரியில் பாடம் எடுத்த டீச்சரிடம் போன் போட்டுக் கேட்டதில் அவரும் வேண்டாம் என்றார். அழுதுகொண்டேதான் அந்தக் கடிதத்தை விட்டாள். இதை எல்லாக் குழுவும் கவனிக்க வேண்டும். அசல் சான்றிதழைப் பார்க்கக் காட்டலாம். நகல் கொடுக்கலாம். அசலைக் கையை விட்டுக் கொடுக்கக் கூடாது.

அப்புறம் இரண்டு வழியில் முயற்சி செய்தாள். ஒன்று, தொழிற்பழகுநர் பயிற்சி. 1961-ஆம் ஆண்டுத் தொழிற்பழகுநர் சட்டப்படி, பட்டம் படித்தவர்களும் டிப்ளமோ படித்தவர்களும் ஒரு வருஷம் கம்பெனியிலோ அரசுத் துறையிலோ பயிற்சி எடுக்கலாம். மாதாமாதம் உதவித்தொகை உண்டு. 2019-ல் அதை உயர்த்திப் பட்டதாரிக்குக் குறைந்தது 9,000, டிப்ளமோவுக்கு 8,000 என்று வைத்தார்கள். இப்போது எவ்வளவு என்று விண்ணப்பிக்கும்போது கேட்டுக்கொள்ளுங்கள். தென் மாநிலங்களுக்கான தொழிற்பழகுநர் பயிற்சி வாரியம் சென்னை தரமணியில் இருக்கிறது. கம்ப்யூட்டரிலேயே பதிவு செய்யலாம், கட்டணம் கிடையாது. பயிற்சி முடிந்தால் மத்திய அரசு சான்றிதழ் கிடைக்கும். ஆனால் பயிற்சி கொடுத்தவர்களே வேலையும் கொடுத்தாக வேண்டும் என்று எதிர்பார்க்க முடியாது.

இன்னொன்று, கம்பெனிகளே எடுக்கிற 'பட்டதாரிப் பயிற்சிப் பொறியாளர்' வேலை. இது முதல் நாளிலிருந்தே சம்பளம், ஆனால் ஒரு வருஷம் பயிற்சி. அந்த ஒரு வருஷத்தில் எல்லாப் பிரிவிலும் வேலை பார்க்க வைப்பார்கள். நன்றாகச் செய்தால் நிரந்தரம். இவளுக்குக் கிடைத்தது இதுதான். சென்னையில் அடுக்குமாடி வீடு கட்டுகிற ஒரு கம்பெனி.

இன்டர்வியூவில் என்ன கேட்டார்கள் தெரியுமா? முதலில் எழுத்துத் தேர்வு. அதில் கணக்கு, கான்கிரீட், கம்பி பற்றிக் கேள்வி. அது முடிந்து மூன்று பேர் உட்கார்ந்து பேசினார்கள். இவளுக்கு இங்கிலீஷ் தடுமாறியது. "எந்த ஊர்?" என்றார்கள். "நீலகிரி, சோலூர்" என்றாள். அதில் ஒரு பெரியவர், "உங்க ஊர்ல 7 மீட்டருக்கு மேல வீடு கட்டக் கூடாதுன்னு இருக்கே, ஏன்?" என்று தமிழிலேயே கேட்டிருக்கிறார்.

அங்கேதான் இவளுக்கு வாய் திறந்தது. 2009 நவம்பர் மழையில் மண் சரிந்து நம் மாவட்டத்தில் 40 பேருக்கு மேல் செத்துப்போனதைச் சொல்லியிருக்கிறாள். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் மழை கொட்டியதைச் சொல்லியிருக்கிறாள். "எங்க வீட்டுக்குப் பின்னாடி தடுப்புச்சுவர் இருக்கு சார். மேஸ்திரி தண்ணி வடிய ஓட்டை வைக்காம கட்டிட்டாரு. மழை வந்ததும் மண்ணுக்குள்ள தண்ணி தேங்கி, சுவரு வயிறு தள்ளிக்கிச்சு. எங்கம்மாவும் நானும் கடப்பாரை வச்சு ஓட்டை போட்டோம். அப்புறம் நின்னுச்சு. கனத்த வீட்டைச் சரிவுல உட்கார வச்சா மண்ணு தாங்காது. மண்ணைவிட உள்ள நிக்கிற தண்ணிதான் ஆபத்து" என்றாளாம்.

அந்தப் பெரியவர் அதற்கப்புறம் கேள்வியே கேட்கவில்லை. பத்து நாளில் கடிதம் வந்தது.

இதில் எங்களுக்கு ஒரு பாடம் இருந்தது. நம் பிள்ளைகள் ஊர் பேரைச் சொல்லவே கூச்சப்படுகிறார்கள். அம்மா தேயிலை பறிக்கிறாள் என்று சொல்ல வெட்கம். இவளுக்கு வேலை வாங்கிக் கொடுத்ததே சோலூரில் அவள் கண்ணால் பார்த்த சுவர்தான்.

கடன் கேட்ட அன்று

சரி, கடனுக்கு வருகிறோம். சம்பளம் மாதக் கடைசியில்தான் வரும். அதுவரைக்கும்? அந்த அம்மா ஒரு தாளில் கணக்கு எழுதி வந்திருந்தார்.

பெண்கள் விடுதிக்கு முன்பணம் 10,000. முதல் மாத வாடகை, சாப்பாடு 6,500. பாதுகாப்பு ஷூ 1,500. பஸ் செலவு, பெட்டி 2,000. வேலைக்குப் போட இரண்டு மூன்று துணி 2,500. முதல் சம்பளம் வரைக்கும் கைச்செலவு 5,000. அவசரத்துக்கு 2,500. ஆக மொத்தம் 30,000.

வெளியே கேட்டால் நூற்றுக்கு ஐந்து வட்டி. கடன் கிடைக்காவிட்டால் வேலையில் சேருகிற தேதி போய்விடும். நான்கு வருஷம் அரசாங்கம் படிக்க வைத்து, கடைசியில் இந்த முப்பதாயிரத்தில் நின்றுபோகிற நிலைமை.

குழுவில் பெரிய சண்டை. மறைக்காமல் சொல்கிறோம். "தொழில் கடன்னா மாடு நிக்கும், மாட்டைப் பாக்கலாம். இந்தப் புள்ளய எங்க போய்ப் பாக்கறது?" என்றார் ஒருவர். "நாளைக்கே கல்யாணம் பண்ணிட்டுப் போயிட்டா யாரு கட்டறது?" என்றார் இன்னொருவர். அந்த மாதம்தான் கேரட் விலை விழுந்து மூன்று பேர் தவணை பாக்கி வைத்திருந்தார்கள். பணத்துக்குத் தட்டுப்பாடு வேறு.

எங்கள் குழுவிலேயே மூத்தவர் ஒரு பெரியம்மா. பள்ளிக்கூடம் போகாதவர். அவர்தான் சொன்னார்: "கேரட்டுக்குக் கேட்டப்ப ஒருத்தியும் வாயத் தொறக்கல. மழை அடிச்சா போச்சு, பன்னி தோண்டுனா போச்சு, வெல விழுந்தா போச்சு. அதுக்குக் குடுத்தோம். இந்தப் புள்ள படிச்சத எந்தப் பன்னி தோண்டப் போவுது?"

எல்லோரும் சிரித்துவிட்டோம். அதற்காக உடனே கையெழுத்துப் போடவில்லை. மூன்று நிபந்தனை வைத்தோம். வேலைக் கடிதத்தை எல்லோரும் பார்க்க வேண்டும். பணத்தை இரண்டு தவணையாகத்தான் கொடுப்போம், விடுதி ரசீது வந்த பிறகு மீதி. கட்ட வேண்டிய பொறுப்பு அம்மாவுக்கும் பெண்ணுக்கும் சேர்ந்து. வட்டி நூற்றுக்கு ஒரு ரூபாய். மாதம் 2,000 அசலாக 15 மாதம். குறைகிற பாக்கிக்குத்தான் வட்டி என்பதால் முதல் மாதம் 300, அப்புறம் மாதம் 20 ரூபாய் குறையும். மொத்த வட்டி 2,400. ஐந்து வட்டிக்காரரிடம் வாங்கியிருந்தால் முதல் மாதமே 1,500 போயிருக்கும். தீர்மானம் எழுதி, பதினான்கு பேரும் கையெழுத்துப் போட்டோம்.

சைட்டில் முதல் மூன்று மாதம்

வேலை என்றால் ஆபீசில் பேன் கீழே உட்காருவது என்று நினைத்திருந்தோம். அப்படி இல்லை. காலையில் எட்டு மணிக்கு ஹெல்மெட் போட்டுக்கொண்டு சைட்டில் நிற்க வேண்டும். கட்டிய கம்பியைப் படத்தோடு ஒப்பிட வேண்டும். எத்தனை கம்பி, என்ன தடிமன், எத்தனை இடைவெளி என்று பார்க்க வேண்டும். கம்பிக்கும் பலகைக்கும் நடுவில் சின்னச் சின்ன சிமெண்ட் கட்டை வைப்பார்கள். கம்பியைச் சுற்றிக் கான்கிரீட் போர்வை மாதிரி மூடுவதற்கு அது. அது இல்லாவிட்டால் நாளடைவில் கம்பி துருப்பிடித்துச் சிமெண்ட் உதிரும். நம் வீட்டுக் கூரையில் சிமெண்ட் பெயர்ந்து கம்பி தெரிகிறதே, அதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணமாம். சாயந்திரம் அன்றைக்கு எவ்வளவு வேலை நடந்தது, எத்தனை ஆள், எத்தனை மூட்டை என்று எழுதிக் கொடுக்க வேண்டும்.

தொழிலாளிகள் பாதிக்கு மேல் இந்தி பேசுகிறவர்கள். இவளுக்கு இந்தி தெரியாது. ஒரு நோட்டுப் போட்டு, தினமும் பத்து வார்த்தை அவர்களிடமே கேட்டு எழுதிப் படித்தாள். மேஸ்திரி இவளை "பாப்பா" என்றுதான் கூப்பிடுவார். இவள் எதுவும் சொல்லவில்லை. ஒரு நாள் படியின் உயரம் ஒன்றுக்கொன்று ஒத்துவராததை அளந்து காட்டினாள். அதிலிருந்து "மேடம்" ஆனது.

கஷ்டம் வேறு இடத்தில் இருந்தது. சைட்டில் பெண்களுக்குத் தனிக் கழிப்பறை இல்லை. காலையில் குடித்த டீயோடு சாயந்திரம் வரை தண்ணீரே குடிக்காமல் இருந்திருக்கிறாள். நமக்கெல்லாம் தெரிந்த கஷ்டம்தான், தோட்டத்தில் நாமும் இதைத்தானே செய்கிறோம். இரண்டாவது மாதம் நீர்க்கடுப்பு, காய்ச்சல். அம்மா பதறிப்போனார்.

அப்புறம் அவளும் அங்கே வேலை செய்த மூன்று சித்தாள் அக்காக்களும் சேர்ந்து போய்க் கேட்டார்கள். இவள் மட்டும் போயிருந்தால் ஆபீஸ் கழிப்பறைச் சாவியைக் கொடுத்து அனுப்பியிருப்பார்கள். நாலு பேராகப் போனதால் எல்லாப் பெண்களுக்கும் தனியாக ஒன்று வைத்தார்கள். கட்டடத் தொழிலாளர்களுக்கான 1996-ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே கழிப்பறையும் குடிநீரும் வேலை கொடுப்பவர் பொறுப்பு என்று இருந்தது. 2025 நவம்பரில் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் வந்த பிறகும் அந்தப் பொறுப்பு அவர்களுடையதுதான். கெஞ்சிக் கேட்க வேண்டியதில்லை. சேர்ந்து கேட்கலாம்.

அவள் செய்த தப்பு

நல்லதை மட்டும் சொன்னால் இது முழுசாக இருக்காது.

மூன்றாவது மாதம். தூண்களுக்குக் கான்கிரீட் போடுகிற நாள். கலவை லாரியில் வந்தது. கொஞ்சம் இறுகியிருந்ததால் இறக்குகிறவர் அதில் தண்ணீர் ஊற்றினார். அப்படிச் செய்யக் கூடாது என்று இவளுக்குத் தெரியும். நிறுத்தச் சொல்ல வாய் வரவில்லை. சுற்றி எல்லாம் ஆண்கள், எல்லோரும் அவசரத்தில் இருந்தார்கள். சும்மா இருந்துவிட்டாள்.

கான்கிரீட் போடும்போதே 15 சென்டிமீட்டர் பெட்டியில் கொஞ்சம் எடுத்துக் கட்டியாக வைப்பார்கள். ஏழாவது நாளும் 28-வது நாளும் அதை மிஷினில் வைத்து நசுக்கிப் பலம் பார்ப்பார்கள். ஏழாவது நாளில் முழுப் பலத்தில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு வந்திருக்க வேண்டும். இதில் வரவில்லை.

யாரும் இவளைக் கேட்கவில்லை. சிமெண்ட் மேல் பழி போட்டிருக்கலாம். ஒரு ராத்திரி தூங்காமல் இருந்து, காலையில் போய் மூத்த இன்ஜினீயரிடம், "தண்ணி ஊத்தினதை நான் பாத்தேன் சார், தடுக்கல" என்று சொன்னாள். நன்றாகத் திட்டு விழுந்தது. எழுத்தில் விளக்கம் கேட்டார்கள். அந்தத் தூண்களின் மேல் வேலையை 28-வது நாள் வரை நிறுத்தி வைத்தார்கள்.

அன்றைக்குச் சாயந்திரம் நம் குழுக் கூட்டம். அம்மாவுக்குப் போன் வந்தது. "நான் ஊருக்கே வந்துடறேன்மா. எனக்கு இந்த வேலை ஆகாது." அம்மா, "வந்துடு கண்ணு" என்றார். பெற்றவள் வேறு என்ன சொல்வாள்? சுற்றி உட்கார்ந்திருந்த எங்களுக்கு முதலில் ஞாபகம் வந்தது கடன்தான். இரண்டு தவணைதான் கட்டியிருந்தார்கள், 26,000 பாக்கி. இதை இங்கே சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் உண்மை அதுதான்.

பெரியம்மா போனை வாங்கினார். கடனைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. "சாப்பிட்டியா சாமி?" என்றார். இல்லை என்றாள். "போய்ச் சாப்பிடு. தூங்கு. வர்றதா இருந்தா ஞாயித்துக்கிழம வா, நாங்க பஸ் ஸ்டாண்டுக்கு வர்றோம். ஆனா ஒண்ணு கேளு. நாங்க களி கிண்டறப்ப தண்ணி கூடிப்போனா என்ன பண்றோம்? அடுத்த தடவ அளந்து ஊத்தறோம். அடுப்பையா ஒடைக்கிறோம்?" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை அவள் வரவில்லை. 28-வது நாள் சோதனையில் அந்தக் கட்டிகள் தேறின. தூண்கள் நின்றன. அதற்கப்புறம் லாரி வந்தால் முதலில் போய் நிற்பது இவள்தான். கலவையைக் கூம்பு மாதிரி ஒரு அச்சில் நிரப்பித் தூக்கினால் எவ்வளவு சரிகிறது என்று பார்த்துத் தண்ணீர் கூடினதா என்று கண்டுபிடிப்பார்கள். அதை அளக்காமல் ஒரு சட்டி இறக்க விடுவதில்லையாம். தடுக்க வாய் வராத பெண்ணுக்கு இப்போது சத்தம் வருகிறது.

நம் ஊருக்கு அவள் கொண்டுவந்தது

ஹெத்தையம்மன் பண்டிகைக்கு மூன்று நாள் லீவில் வந்திருந்தாள். எங்கள் உறுப்பினர் ஒருவர் வீட்டில் கூரை போட்டு ஏழு நாள் ஆகியிருந்தது. முட்டுக் கொடுத்த கம்பங்களை எடுக்க மேஸ்திரி வந்துவிட்டார். இவள் போய், "அண்ணா, பொறுங்க" என்றாள். நாலரை மீட்டர் வரைக்கும் அகலமான கூரைக்கு ஏழு நாள் போதும் என்று விதியில் இருக்கிறதாம், அதற்கு மேலே போனால் 14 நாள். ஆனால் அந்தக் கணக்கு, குளிர் 15 டிகிரிக்குக் கீழே போகாத ஊருக்கு. நம் ஊரில் மார்கழி தையில் உறைபனி விழுகிறது. குளிரில் சிமெண்ட் மெதுவாகத்தான் இறுகும். ஆகவே இன்னும் நாள் விட வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தாள். மேஸ்திரி, "நானும் பாத்திருக்கேன், இங்க லேட்டாதான் புடிக்கும்" என்று ஒத்துக்கொண்டார். முட்டை எடுக்கவில்லை.

அன்றைக்கு அந்த வீட்டுக்கு அவள் செய்த உதவிக்கு யார் வட்டி போட முடியும்? நம் உறுப்பினர்கள் அரசு வீட்டுத் திட்டத்திலும் சொந்தக் காசிலும் வீடு கட்டுகிறோம். வாழ்நாள் சேமிப்பு அதில் போகிறது. கலவையில் தண்ணீர் அதிகமா, தடுப்புச்சுவரில் தண்ணீர் வடிய வழி இருக்கிறதா என்று பார்க்க நம் ஊர்ப் பெண் ஒருத்தி இருந்தால் அது எல்லோருக்கும் லாபம்.

முன்னே போனவர்கள்

இவள் சொல்லித்தான் சில பேரை நாங்கள் தெரிந்துகொண்டோம். சென்னை கிண்டி பொறியியல் கல்லூரியில் 1940-களில் படித்தவர் ஏ. லலிதா. 18 வயதில் கணவரை இழந்தவர், கையில் நாலு மாதக் குழந்தை. அந்தக் காலத்திலேயே படித்து இந்தியாவின் முதல் பெண் பொறியாளர் ஆனார். அதே கல்லூரியில் சிவில் படித்த பி.கே. திரேசியா 1971-ல் கேரளப் பொதுப்பணித் துறையின் தலைமைப் பொறியாளர் ஆனார். நாட்டிலேயே அந்தப் பதவிக்கு வந்த முதல் பெண் அவர். 2025 ஜூனில் ஜம்மு காஷ்மீரில் செனாப் ஆற்றின் மேல் 359 மீட்டர் உயரத்தில் ரயில் பாலம் திறந்தார்களே, அதற்கு மலைச்சரிவு, பாறை பற்றி 17 வருஷம் ஆலோசனை சொன்னவர் பேராசிரியர் ஜி. மாதவி லதா. மலையைப் புரிந்துகொள்ளப் பெண்ணால் முடியும் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். ஜார்க்கண்டில் நம்மைப் போன்ற குழுப் பெண்களே கொத்து வேலை கற்று 'ராணி மிஸ்திரி' என்று பேர் எடுத்தார்கள். அவர்களில் பலர் சித்தாள் வேலையிலிருந்து வந்தவர்கள்.

எங்கள் குழு கற்றுக்கொண்டது

உங்கள் குழுவில் யாராவது பிள்ளை வேலைக்குக் கிளம்பினால் இவற்றைப் பாருங்கள்.

1. வேலைக் கடிதத்தை வாங்கிப் படியுங்கள். சம்பளம் எவ்வளவு, எந்த ஊர், எத்தனை மாதம் பயிற்சி, பாதியில் விட்டால் பணம் கட்ட வேண்டுமா, பி.எப். உண்டா என்று இருக்க வேண்டும். எழுத்தில் கடிதம் இல்லாத வேலைக்குக் கடன் கொடுக்காதீர்கள்.

2. வேலைக்குப் பணம் கேட்டால் போக வேண்டாம். அசல் சான்றிதழை யாரிடமும் விட வேண்டாம்.

3. கிளம்புவதற்கு முன்பே ஆதார், பான், பேங்க் கணக்கு எல்லாவற்றிலும் பெயரும் பிறந்த தேதியும் ஒன்றாக இருக்கிறதா பாருங்கள். எங்கள் பெண்ணுக்கு ஒரு எழுத்து மாறி, முதல் சம்பளம் பன்னிரண்டு நாள் தாமதம்.

4. விடுதியை நேரில் போய்ப் பாருங்கள். அம்மா தனியாகப் போக முடியாவிட்டால் குழுவில் ஒருவர் துணை போகலாம். நாங்கள் அப்படித்தான் செய்தோம்.

5. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற எந்த இடத்திலும், பெண்களுக்குப் பாலியல் தொல்லை வந்தால் விசாரிக்க உள் புகார்க் குழு இருக்க வேண்டும். 2013-ஆம் ஆண்டுச் சட்டம். சேரும் அன்றே அதில் யார் இருக்கிறார்கள் என்று கேட்டு வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். பெண்கள் உதவி எண் 181 போனில் இருக்கட்டும்.

6. முதல் மூன்று மாதம் வாரம் ஒரு தடவை குழுவிலிருந்து யாராவது பேசுங்கள். கடனைக் கேட்பதற்காக இல்லை. சாப்பிட்டாயா என்று கேட்பதற்காக.

7. மகள் சம்பளம் முழுவதையும் வீட்டுக்கு அனுப்பச் சொல்லாதீர்கள். அவள் கையில் கொஞ்சம் இருந்தால்தான், தப்பான இடமாக இருந்தால் விட்டுவிட்டு வரத் தைரியம் இருக்கும்.

இதுவரை ஆறு தவணை கட்டியாகிவிட்டது. ஒரு மாதமும் தவறவில்லை. பாக்கி 18,000. பயிற்சி முடிய இன்னும் மாதங்கள் இருக்கின்றன. நிரந்தரம் ஆவாளா என்று இன்று எங்களால் உறுதி சொல்ல முடியாது. ஆகாவிட்டாலும் கையில் வேலை தெரிந்த பெண்ணாகத்தான் திரும்புவாள் என்று எங்களுக்குத் தெரியும்.

போன கூட்டத்தில் இன்னொரு அம்மா எழுந்தார். அவர் மகள் டிப்ளமோ கடைசி வருஷம். "அடுத்த வருஷம் எனக்கும் அந்த மாதிரிக் கடன் வேணும்" என்றார். அன்றைக்கு மாட்டைப் பற்றிப் பேசிய அக்காதான் முதலில் கை தூக்கினார். தீர்மானப் புத்தகத்தில் 'வேலைக் கடன்' என்று தனித் தலைப்பு எழுதி வைத்திருக்கிறோம்.

கூட்டமைப்பிடம் எங்கள் வேண்டுகோள் ஒன்றுதான். ஒவ்வொரு குழுவாக இந்த முப்பதாயிரத்துக்குத் திண்டாடாமல், கூட்டமைப்பு நிதியிலிருந்து இதற்கென்று ஒரு பகுதி ஒதுக்க வேண்டும். இன்றைக்கே பேசி முடிவு எடுத்தால் நல்லது. வருகிற மே மாதத்தில் நம் பகுதியில் எத்தனை பெண்கள் படிப்பை முடிக்கிறார்கள் என்று ஒவ்வொரு குழுவும் கணக்கு எடுத்து அடுத்த கூட்டத்துக்குக் கொண்டுவர வேண்டும்.